கால் தூக்கினால் பாட்டு முடியும்

வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரிலிருந்து வடக்கே ஹிக்கரி, அங்கிருந்து மேற்கே மார்கன்டன், மேரியன் என்று நாற்பதாம் எண் நெடுஞ்சாலையில் போனால், ஓல்ட் ஃபோர்ட் என்ற சிற்றூர் வரைக்கும் அமெரிக்காவில் எங்கும் பார்க்கக்கூடிய சாலைதான். ஓல்ட் ஃபோர்ட்டைத் தாண்டியதும் மலை எழுகிறது. சரக்கு லாரிகள் வலது ஓரம் ஒதுங்கி முனகிக்கொண்டு ஏறுகின்றன. எதிரே இறங்கும் லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போனால் ஓடி ஏறி நிற்பதற்கென்று சரளைப் பாதைகள் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏற்றம் முடிகிற இடம் ஸ்வானனோவா கணவாய். அதன் கிழக்குச் சரிவில் விழும் மழை கடாபா ஆற்றில் இறங்கி அட்லாண்டிக் போகும். மேற்குச் சரிவில் விழுவதோ ஸ்வானனோவா, ஃப்ரெஞ்ச் பிராட், டென்னஸி, ஒஹையோ, மிசிசிப்பி என்று ஐந்து ஆறுகள் மாறி மெக்சிகோ வளைகுடாவைச் சேரும்.

கணவாய்க்கு அடியில் 1,832 அடி நீளத்துக்கு ஒரு ரயில் சுரங்கம் போகிறது. 1879 மார்ச்சில் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் மலையின் வயிற்றுக்குள் சந்தித்துக்கொண்டார்கள். அவர்கள் கைதிகள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அடிமைமுறை ஒழிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத காலத்தில், சில்லறைக் குற்றங்களுக்குக்கூடச் சிறைப்பட்டு, ரயில்பாதை வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள். இந்த மலைப்பாதை முடிவதற்குள் நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சம்மட்டி விழும் தாளத்துக்குப் பாடிய பாட்டு ஒன்று 'ஸ்வானனோவா டனல்' என்ற பெயரில் இன்றும் பாடப்படுகிறது.

இந்தப் பக்கத்து இசையில் கிட்டார் கடைசியாக வந்த விருந்தாளி. ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழிக் குடியேறிகளோடு ஃபிடில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் பான்ஜோ வந்தது. கிட்டார், சியர்ஸ் ரோபக் போன்ற கம்பெனிகளின் விலைப்பட்டியலைப் பார்த்து ஆர்டர் போட்டவர்களுக்குத் தபாலிலும் ரயிலிலும் வந்து இறங்கியது. வந்தது தாமதம் என்றாலும் வீட்டுத் திண்ணைகளைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது.

கணவாயின் மேற்கே, ஆஷ்வில் நகருக்குச் சற்று முன்னால், ஸ்வானனோவா பள்ளத்தாக்கில் வாரன் வில்சன் கல்லூரி இருக்கிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து கோடை விடுமுறையில் இதன் விடுதிகளை 'ஸ்வானனோவா கேதரிங்' என்ற இசை முகாம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு வகை: செல்டிக் வாரம், ஃபிடில் வாரம், பான்ஜோவும் மேண்டலினும் சேர்ந்த வாரம். ஜூலைக் கடைசியை ஒட்டி வருவது கிட்டார் வாரம். ஞாயிறு இரவுச் சாப்பாட்டில் தொடங்கி அடுத்த சனி காலைச் சிற்றுண்டியில் முடியும். சார்லட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு கோடையில் அந்த வாரத்துக்குப் பெயர் கொடுத்தேன்.

கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1894இல் பிரெஸ்பிட்டீரியன் மிஷன் மலைவாழ் ஏழைப் பையன்களுக்காகத் தொடங்கிய பண்ணைப் பள்ளி இது. இன்றும் மாணவர்கள் மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார்கள், மரம் அறுக்கிறார்கள், குழாய் ரிப்பேர் பார்க்கிறார்கள். படிப்போடு வேலையும் கட்டாயம். 1952இல், பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்கு இரண்டு ஆண்டு முன்பே, ஆல்மா ஷிப்பி என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்ட இடம். வேலை செய்துகொண்டே கற்பது என்ற எண்ணம் இந்த மண்ணில் ஊறியது. முகாமுக்கும் அது பொருந்திப் போகிறது.

*

முகாமில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. ஆரம்ப நிலை, ஆரம்பத்தைத் தாண்டிய நிலை, இடைநிலை, மேல்நிலை என்று வகுப்புகளுக்குப் பக்கத்தில் குறித்திருக்கிறார்கள். நம் இடம் எது என்பதை நாமே முடிவு செய்யவேண்டியதுதான். நான் கோயம்புத்தூரில் கல்லூரி படித்த நாளில் கிட்டார் எடுத்தவன். அந்தத் தலைமுறையில் கிட்டார் தொட்ட எல்லோரையும்போல எனக்கும் லட்சியம் 'இளைய நிலா'வின் தொடக்க இசை. முக்கால்வாசி வந்தது. பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன். கிட்டார் பரணேறியது. ஓய்வு பெற்ற பின் இறக்கி, கம்பி மாற்றி, மறுபடி தொட்டுக்கொண்டிருந்தேன். அதனால் 'ஆரம்பத்தைத் தாண்டிய நிலை' என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் இரவு சாப்பாட்டு மேசையில் விசாரித்தால், பாதிப் பேருக்கு இதே கதை. என் எதிரே ஓய்வுபெற்ற தபால்காரர். இளமையில் வாசித்து, நடுவில் விட்டு, மனைவி இறந்தபின் மறுபடி எடுத்தவர். பக்கத்தில் ஒரு பல் மருத்துவர். அவருக்கு அடுத்து பதினாறு வயதுப் பையன். அவன் மட்டும் எதையும் விடவில்லை, விட நேரமும் ஆகியிருக்கவில்லை. ஒரு அம்மாள் போன கிறிஸ்துமஸுக்குத்தான் முதல்முதலாக கிட்டார் வாங்கினாராம். மூன்று கார்ட் (சுரக்கூட்டு) தெரியும் என்றார். "மூன்று போதும்" என்றார் தபால்காரர், மேசையிலிருந்த சோள ரொட்டியை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே. அவர் சொன்னது ஆறுதலுக்கு என்று அப்போது நினைத்தேன். புதன்கிழமைக்குள் அது இலக்கணம் என்று புரிந்தது.

*

காலை முதல் வகுப்பு ஃபிங்கர்பிக்கிங். இந்த மாநிலத்தின் மலையடிவாரப் பகுதியில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பின மக்களிடையே வளர்ந்த பாணி. வலது கைக் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் இடம் மாற்றி மாற்றி அடித்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை, தாளத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளி வாசிக்கும். ஒரு ஆள் வாசிப்பது இரண்டு ஆள் வாசிப்பதாகக் கேட்கும். டர்ஹம் நகரத்துப் புகையிலைக் கிடங்குகளின் வாசலில், கூலி வாங்கி வெளியே வரும் தொழிலாளிகளுக்காகத் தெருவில் வாசித்தார்கள் ப்ளைண்ட் பாய் ஃபுல்லரும் ரெவரெண்ட் கேரி டேவிஸும். கூட்டத்தை நிறுத்த ஒரே கிட்டாரில் மேளமும் பாட்டும் வேண்டியிருந்தது.

ஆசிரியை முதல் நாள் மெட்டு எதுவும் சொல்லித்தரவில்லை. கட்டைவிரல் மட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் டொம், டொம். "மெட்டு தவறினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கட்டைவிரல் நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்" என்றார். இரண்டாம் நாள் எலிசபெத் காட்டனின் 'ஃப்ரெய்ட் டிரெய்ன்'. இந்தப் பாணியைக் கற்க வருகிற யாரும் தாண்டிப் போக முடியாத மெட்டு.

காட்டனின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1893இல் வட கரோலினாவின் கார்பரோவில் பிறந்தவர். இடது கைக்காரர், வலது கைக்காரர்களுக்காகச் செய்த கிட்டாரை அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். அதனால் மற்றவர்கள் கட்டைவிரலில் வாசிப்பதை அவர் விரல்களிலும், விரல்களில் வாசிப்பதைக் கட்டைவிரலிலும் வாசித்தார். 'ஃப்ரெய்ட் டிரெய்ன்' சிறுமியாக இருந்தபோது கட்டியது. கல்யாணத்துக்குப் பின் கிட்டாரைக் கிட்டத்தட்ட மறந்தே போனார். பல பத்தாண்டுகள் வீட்டு வேலை செய்து பிழைத்தார். வாஷிங்டனில் ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் வேலை பார்த்தபோது, தாயைத் தவறவிட்ட ஒரு குழந்தையைக் கண்டு கொண்டுபோய்ச் சேர்த்தார். அது பின்னாளில் பாடகியான பெகி சீகர். அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டுப்புற இசை சேகரிப்பதே தொழிலாக இருந்த குடும்பம் அது. சுவரில் தொங்கிய கிட்டாரை அவர் ஒருநாள் எடுத்து வாசிக்கப்போய்த்தான், அடுப்படியில் நிற்பவர் யார் என்று வீட்டுக்குத் தெரிந்தது. முதல் இசைத்தட்டு வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொண்ணூறு கடந்தபின் கிராமி விருது.

இதை ஆசிரியை சொல்லி முடித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. நடுவில் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைந்த அறை அது.

நான் வந்த வழியில் இருந்த மார்கன்டனிலும் இப்படி ஒருவர் வாழ்ந்தார்: எட்டா பேக்கர். 1913இல் பிறந்தவர், நூற்பாலைத் தொழிலாளி. 1956இல் அவர் வாசிப்பு ஒரு தொகுப்பில் பதிவாகி வந்தது. நாட்டுப்புற இசை கற்ற இளைஞர்கள் அந்தத் தட்டைத் தேயத் தேயக் கேட்டு விரல் பழகினார்கள். அவரோ அதற்குப் பின்னும் வெகுகாலம் ஆலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். மேடைக்கு வந்தது அறுபதையொட்டிய வயதில். இறந்தது 2006இல்.

*

பிற்பகல் வகுப்பு ஃப்ளாட்பிக்கிங். இதில் விரல்களுக்கு வேலையில்லை. பிக் என்கிற சிறு வில்லை ஒன்று, மேலும் கீழும். ஃபிடில்காரர்கள் நடனத்துக்கு வாசித்த வேக மெட்டுகளை அதே வேகத்தில் கிட்டாரில் வாசிப்பது. இதற்கு மூலவர் டாக் வாட்சன். இங்கிருந்து வடக்கே, இதே மலைத்தொடரில், டீப் கேப் என்ற ஊர்க்காரர். ஒரு வயது நிரம்பும் முன்பே கண் பார்வை போனது. 1950களில் ஒரு நடனக் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அந்தக் குழுவில் ஃபிடில்காரர் இல்லை. ஆட வந்தவர்களோ ஃபிடில் மெட்டு கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அவற்றை கிட்டாரில் வாசிக்கப் பழகினார். பிறகு அதையே சாதா கிட்டாருக்குக் கொண்டுவந்தார். 1960இல் நாட்டுப்புற இசை தேடி மலைக்கு வந்த ரால்ஃப் ரின்ஸ்லர் கேட்டு அசந்துபோனார். அதுவரைக்கும் வாட்சன் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பெரும்பாலான ஃபிடில் மெட்டுகளுக்கு ஒரே அமைப்புதான். எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட முதல் பாகம் இரண்டு முறை, எட்டு பார் கொண்ட இரண்டாம் பாகம் இரண்டு முறை. பல்லவி, அனுபல்லவி என்று வைத்துக்கொள்ளலாம்; சரணம் கிடையாது. சுற்றிச் சுற்றி வரும். ஆடுகிறவர்கள் களைக்கும் வரை வாசிப்பதற்காக உண்டான அமைப்பு. ஆசிரியர் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. வாசித்துக் காட்டுவார், திருப்பி வாசிக்கச் சொல்வார், வரவில்லையென்றால் பாதியாக வெட்டிக் கொடுப்பார். வாய்ப்பாடமாகவே சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. தாளைக் கேட்டவர்கள் அமெரிக்கர்கள்தான்.

மூன்றாவது வகுப்பில்தான் எனக்குப் பெரிய புதையல் கிடைத்தது. வழக்கமான கிட்டார் சுருதியில் மூன்று கம்பிகளை மட்டும் ஒவ்வொரு சுரம் இறக்கினால் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று வரும். 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயர் மொராக்கோவில் ஊத் என்ற கம்பிக் கருவி வாசிப்பவர்களைக் கேட்டுவிட்டு, அவர்களோடு சேர்ந்து வாசிப்பதற்காகக் கண்டுபிடித்தது என்பார்கள். அயர்லாந்து மெட்டுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்திப்போய், இன்று உலகமெங்கும் பரவிவிட்டது. இந்த கிட்டார் வாரத்தை நெடுங்காலம் ஒருங்கிணைத்து நடத்தி, 2023இல் காலமான ஆல் பெட்டவே இந்தச் சுருதியில் கைதேர்ந்தவர்.

டியை ஆதாரமாக வைத்து இந்த ஆறு கம்பிகளையும் நம் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. காந்தாரம் இல்லை. சும்மா மீட்டினாலே தம்பூரா பக்கத்தில் உட்கார்ந்ததுபோல இரண்டு கட்டையில் சுருதி நிற்கும். மேல்நாட்டு இசையில் மகிழ்ச்சி, சோகம் என்று கார்ட்டைப் பிரித்துச் சொல்வது காந்தாரத்தை வைத்துத்தான். அது இல்லாததால் இந்தச் சுருதி எந்தப் பக்கமும் சாயாமல் காத்திருக்கிறது. வகுப்பில் ஆளுக்கொரு மெட்டு வாசிக்கச் சொன்னபோது நான் மோகனத்தில் கொஞ்சம் வாசித்தேன். பிறகு காந்தாரத்தை மட்டும் அரைச் சுரம் இறக்கிச் சிவரஞ்சனி ஆக்கினேன். ஒரு சுரம் மாறியதில் அறையின் முகமே மாறியது. ஆசிரியர் மறுபடி கேட்டார். அடுத்த நாள் ஃபிலடெல்ஃபியாக்காரர் ஒருவர் சிவரஞ்சனியை அயர்லாந்துத் தாளத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

*

வகுப்புகள் ஒரு பாதி. மறு பாதி இரவில். சாப்பாட்டுக்குப் பின் ஆசிரியர்களின் கச்சேரி, அது முடிந்ததும் ஜாம். விடுதி வராந்தா, மரத்தடி, திறந்த கொட்டகை என்று எங்கே பார்த்தாலும் நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு வட்டம் அதிவேகம், ஒரு வட்டம் ப்ளூஸ், ஒரு வட்டம் பாட்டு மட்டும், ஆரம்ப நிலைக்காரர்களுக்கென்று மெல்லப் போகும் ஒரு வட்டம். மின்மினிகள் பறக்கும் புல்வெளியில் பன்னிரண்டு மணிக்கும் சத்தம் அடங்காது.

ஜாமுக்கு எழுதாத சட்டம் உண்டு. மெட்டைத் தொடங்குகிறவர் எந்தச் சுருதி என்று சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கார்ட்டுகளை எண்ணால் சொல்வார்கள்: ஒன்று, நான்கு, ஐந்து. அதாவது சட்ஜமம், மத்தியமம், பஞ்சமம். இந்த மலைப் பாட்டுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். தபால்காரர் சொன்ன இலக்கணம் இதுதான். பாடுகிறவருக்குச் சுருதி எட்டவில்லையென்றால் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டினால் தீர்ந்தது. ஐந்து கட்டையில் பழகிய அதே விரல்கள் ஆறு கட்டையில் ஒலிக்கும். பாட்டுக்கு நடுவே தனி வாசிப்பு இடமிருந்து வலமாக வட்டத்தில் சுற்றி வரும். முடியாதவர் தலையை ஆட்டினால் அடுத்தவருக்குப் போய்விடும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் தாளத்தை மட்டும் யாரும் விடக்கூடாது. முடிக்க வேண்டும் என்று தொடங்கியவருக்குத் தோன்றினால், ஒரு காலைத் தூக்குவார். அந்தச் சுற்றோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். தில்லையில் தூக்கிய காலுக்கு ஆட்டம் நடக்கும். இங்கே தூக்கிய காலுக்குப் பாட்டு முடியும்.

புதன் இரவு, மூன்று கார்ட் தெரிந்த அந்த அம்மாள் மெதுவான வட்டத்தை விட்டு எங்கள் வட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கு இரு பக்கமும் நன்றாக வாசிக்கிறவர்கள். தனி வாசிப்பு வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். ஆனால் ஒன்று, நான்கு, ஐந்து என்று தாளம் தவறாமல் போட்டுக்கொண்டே இருந்தார். வேகமான கை ஒன்று தடுமாறித் தாளத்தைத் தவறவிட்டபோது, எல்லோரும் அவர் கையைப் பார்த்துத்தான் மறுபடி ஒன்று சேர்ந்தோம். எல்லா நிலைக்காரர்களும் வரலாம் என்று அழைப்பது இங்கே பெருந்தன்மைக்காக இல்லை என்று அப்போது பட்டது. இந்த இசையின் அமைப்பே அப்படி. தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே பாட்டில் வேலை இருக்கிறது. வீட்டு வேலை செய்தவரும், நூற்பாலைக்குப் போனவரும், பியானோ சுருதி சேர்த்தவரும் தொழில் முடிந்து வந்து கட்டிய இசையில், தொழில்முறைக்காரன் மட்டும் உள்ளே வரலாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நம் பக்கம் கச்சேரி முறை வேறு. படித்து முடித்து, அரங்கேறி, அதன்பின்தான் நாலு பேர் முன் வாசிக்கலாம். மற்றவர்கள் ரசிகர்கள். அந்த முறை கொடுத்த உயரம் பெரிது. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நடுவழியில் நின்றவர்களுக்கு அதில் இடமில்லை. அதே ஊரில் மார்கழி பஜனையில் ஜால்ரா தட்டத் தெரிந்தவனுக்கும் இடம் இருந்தது, கும்மியில் எல்லாப் பெண்களுக்கும் இடம் இருந்தது என்பதையும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டேன்.

*

வியாழக்கிழமை கிட்டார் செய்பவர் ஒருவர் தன் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். கிட்டாரின் ஒலி பெரும்பாலும் முன்பலகையின் வேலை. ஸ்ப்ரூஸ் மரத்தில் மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இல்லாமல் சீவிய பலகை, உள்ளே எக்ஸ் வடிவத்தில் தாங்கு கட்டைகள். ஜெர்மனியிலிருந்து 1833இல் நியூயார்க் வந்த சி. எஃப். மார்ட்டின் 1840களில் கைக்கொண்ட அமைப்பு. இன்றைக்கும் இரும்புக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவை இதைத்தான் பின்பற்றுகின்றன. காட்சிக்கு வைத்திருந்தவர் ஒரு கிட்டாரைத் திருப்பி முதுகைக் காட்டினார். கருஞ்சிவப்பில் கறுப்பு வரி ஓடிய பலகை. "உங்கள் ஊர் மரம்" என்றார்.

நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். முன்பு நல்ல கிட்டார்களுக்கு முதுகும் பக்கமும் பிரேசில் ரோஸ்வுட். அது அருகிப்போக, பிரேசில் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. 1969இலிருந்து மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். பிரேசில் மரம் 1992இல் சர்வதேச வணிகத்துக்கே தடை செய்யப்பட்டது. 2017இல் ரோஸ்வுட் இனம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்து, கிட்டாரை எல்லை தாண்டி விற்கிறவர்கள் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2019 இறுதியில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

கூடலூரில் என் சித்தப்பா தோட்டத்தில் ஈட்டி மரங்கள் நின்றன. சொந்த நிலத்தில் நின்றாலும் அரசு அனுமதியில்லாமல் வெட்ட முடியாதபடி 1994இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. விழுந்த கிளையைத் தொடக்கூட யோசிப்பார் சித்தப்பா. அந்த மரத்தின் இனம், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அப்பலாச்சிய மலைக்கு வந்து இந்த முகாமில் எத்தனையோ மடிகளில் சாய்ந்திருந்தது. முதுகைத் தட்டினால் மணிபோல ஒலி. தட்டிப் பார்க்கச் சொல்லி என்னிடமே நீட்டினார்கள்.

*

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் பயணக் கட்டுரை நிறையாது. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம்தான். சைவர்களுக்குப் பஞ்சமில்லை. காலையில் கிரிட்ஸ் என்ற வெள்ளைச் சோளக் கூழ். வெண்ணெயும் மிளகும் போட்டால் நன்றாக இறங்கும். தெற்கத்திய இனிப்புத் தேநீரை மட்டும் இரண்டு மடக்கோடு வைத்துவிட்டேன். விடுதி அறைகளில் சௌகரியம் எதிர்பார்க்கக்கூடாது. மாணவர் கட்டில், பொதுக் குளியலறை. பிற்பகலில் இடியோடு மழை வரும். ஈரக் காற்றில் மரம் ஊதி, கம்பிகளின் சுருதி ஏறி இறங்கும். வியாழனுக்குள் எல்லோருக்கும் இடது கை விரல் நுனி காய்த்துவிட்டது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். முகாம் முழுக்க நரைத்த தலைகள். அதிலும் ஆண்கள் அதிகம், வெள்ளையர் மிக அதிகம். கறுப்பினத் தொழிலாளிகள் திண்ணையில் கட்டிய இசையை, ஒரு வாரம் விடுமுறையும் கட்டணம் கட்டப் பணமும் உள்ளவர்கள் கற்றுக்கொண்டிருந்தோம். ஆசிரியர்கள் இதை மூடி மறைக்கவில்லை. யாருடைய மெட்டு, எங்கே பிறந்தது என்று ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லித்தான் தொடங்கினார்கள். பெயர் சொல்வது முதல் படி. வட்டத்தில் அந்தத் தொழிலாளிகளின் பேரப் பிள்ளைகளுக்கான நாற்காலி இன்னும் நிறையவில்லை.

கடைசி நாள் மாணவர் கச்சேரி. வகுப்பு வகுப்பாக மேடை ஏறினோம். பதினாறு வயதுப் பையன் ஃபிடில் மெட்டைப் பறக்கவிட்டான். எங்கள் ஃபிங்கர்பிக்கிங் வகுப்பு 'ஃப்ரெய்ட் டிரெய்'னைச் சேர்ந்து வாசித்தது. இருபது கட்டைவிரல்கள் ஒன்றாக விழுந்தபோது எந்த விரல் கெட்டிக்காரனுடையது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை முகாம் கலைந்ததும் நேரே ஊர் திரும்பாமல் மாலை வரை ஆஷ்வில்லில் தங்குவது நல்லது. 1967இலிருந்து கோடைச் சனிக்கிழமைகளில் நகரின் நடுத் திடலில் 'ஷிண்டிக் ஆன் த கிரீன்' நடக்கிறது. கட்டணம் இல்லை, நாற்காலியை வீட்டிலிருந்து எடுத்து வருகிறார்கள். இதே நகரில் 1928இல் பேஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய மலை நடன, நாட்டுப்புற இசை விழா இன்னும் நடக்கிறது. 'ஸ்வானனோவா டன'லைப் பாடிப் பதிவு செய்தவர்களில் அவரும் ஒருவர். மேடையில் குழுக்கள் வாசிக்க, திடலின் ஓரமெங்கும் சின்னச் சின்ன வட்டங்கள். முகாமில் பார்த்த முகங்கள் அங்கேயும் இருந்தன, வாசித்துக்கொண்டு.

நான் போய்வந்த பிறகு, 2024 செப்டம்பர் 27 அன்று, ஹெலீன் புயல் இந்தப் பள்ளத்தாக்கை அடித்துப்போட்டது. ஸ்வானனோவா ஆறு கரை மீறி ஊரைச் சுருட்டியது. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தியைப் பார்த்ததும் தபால்காரருக்கு எழுதினேன். வீடு தப்பியது, கிட்டாரும் தப்பியது, நிவாரண முகாமில் மாலை வேளைகளில் வாசிக்கிறோம் என்று பதில் வந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். அமெரிக்க விமானங்களில் சிறிய இசைக் கருவியை, மேலே இடம் இருந்தால், கையோடு கொண்டுபோக 2015லிருந்து விதி அனுமதிக்கிறது. அதனால் வரிசையில் முன்னால் ஏறப் பாருங்கள். வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் நிலைக்கு ஒரு படி கீழே எடுங்கள். இரவு வட்டத்தில் ஒரு படி மேலே உட்காருங்கள்.

எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது, போகவும் வேண்டாம். நம் ஊரில் பரணில் கிட்டார் வைத்திருக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வயலின், மிருதங்கம், ஹார்மோனியம் வைத்திருக்கிறவர்கள் அதற்கும் மேல். ஏற்காட்டிலோ வால்பாறையிலோ கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் ஒரு பள்ளி விடுதியும், பொறுமையுள்ள நான்கு ஆசிரியர்களும் இருந்தால் இப்படியொரு வாரத்தை இங்கேயே நடத்தலாம். பரீட்சை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பரிசு வேண்டாம். யாராவது தொடங்குங்கள்; நாற்காலி தூக்கிப்போட நான் வருகிறேன்.